புல் முளைக்காத மலை

ஓப்பநாயக்க
4.6.2023

என் வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உடனே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதல்லவா.

தோட்டம் நமக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலை மலையில் கவ்வாத்து முடிந்தது. வெட்டிய கிளைகளை இந்த முறை விறகுக்குத் தூக்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே பரப்பி, மேலே மானாப் புல்லையும் அறுத்துப் போட்டு மண்ணை மூடிவிட்டேன். வெயில் படாவிட்டால் களை முளைக்காதாம், தோட்டத்துக் கூட்டத்தில் சொன்னார்கள். களை மண்டிக் காடாகிப் போனால் தோட்டத்தார் மலையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களே என்று எனக்குப் பயம். நம் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் சுப்பம்மா அக்கா, "லயமே வெறகுக்கு அலையுது, நீ மண்ணுக்குப் போர்வ போத்துறியா?" என்று கோபித்துக்கொண்டு போனார். பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

எப்படியும் கொஞ்சம் களை வரும், வழக்கம்போல் புல்லு வெட்டுக்கு வருவீர்கள்தானே?

உங்கள்
கலைச்செல்வி

கொழும்பு
20.6.2023

அன்புள்ள கலைக்கு,

நலமாக இருக்கிறேன். தீபாவளிக்கு எங்கள் துணிக்கடையில் யாருக்கும் லீவு கிடையாது. புல்லு வெட்டு என்றால் மட்டும் முக்தார் முதலாளி மறுக்க மாட்டார். அவருக்கும் எஹலியகொடையில் ரப்பர் தோட்டம் இருக்கிறது, களையின் அவசரம் தெரியும். நீ பரப்பிய குப்பையை நம்பிக்கொண்டு இருக்காதே, புல் வெட்டும் சுரண்டியைத் தீட்டி வை. வருகிறேன்.

நிரோஷன்

ஓப்பநாயக்க
3.9.2023

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் குப்பை என்றது ஜெயித்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றும் தலைகாட்டிய புல்லைக் கையாலேயே பிடுங்கிவிட்டேன். மலையைப் பார்வையிட வந்த பீல்ட் மாத்தயா, "ஹரிம ஹொந்தயி" என்று சிங்களத்தில் பாராட்டிச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

முன்பெல்லாம் களை பிடுங்க நாலு பேர் வருவார்கள், ஊர்க்கதை பேசுவோம். இந்த வருடம் யாரையும் கூப்பிட வேலை இல்லை. மலையில் நான் மட்டும்தான் நிற்கிறேன். எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
கலைச்செல்வி

கொழும்பு
15.9.2023

அன்புள்ள கலைக்கு,

மிகவும் சந்தோஷம். நீ கெட்டிக்காரி. புல்லே இல்லாதபோது நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? லீவு வேண்டாமென்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் பார்ப்போம். சேலை ஒன்று அனுப்புகிறேன்.

நிரோஷன்

ஓப்பநாயக்க
8.10.2023

என் வீட்டுக்காரருக்கு,

சேலை வந்தது. கட்டிக்கொண்டு யாருக்குக் காட்ட?

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மலைக்குப் போய், பாதையோர வரிசையில் மூடியிருந்ததையெல்லாம் வாரி ஒதுக்கினேன். ஒரு மழைதான் பெய்தது, புல் பச்சென்று வந்துவிட்டது. உங்களைக் கூப்பிடக் காரணம் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். புல்லுக்காக வந்தால் வெட்டி முடித்த கையோடு பஸ் ஏறிவிடுவீர்கள். போன வருடமும் அப்படித்தானே போனீர்கள். எனக்கு அழுகை வந்தது.

முளைத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடியும் மண்ணை மூடிவிட்டேன். இனி இந்த மலையில் உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். அதற்காக வர முடியுமென்றால் வாருங்கள்.

கலைச்செல்வி