விற்றது ஒன்று

அக்டோபர் 12, ஞாயிறு. இரவு.

இன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த விளைபொருள்களின் ஏலம் நடந்தது. ஒரு பூசணிக்காய் இரண்டாயிரத்துக்குப் போனது. அதற்கிடையில் ஆளாளுக்கு வந்து என் நாவலைப் புகழ்ந்தார்கள். மின்னூலாக மட்டும் வந்த நாவல், தொண்ணூற்றொன்பது ரூபாய். இத்தனை பேர் வாங்கினார்களா என்று பூரித்துப் போனேன்.

"வாங்கவா? நம்ம சபை வாட்ஸப் குரூப்புல கெடக்குல்லா டீச்சர்!" என்றாள் ஒருத்தி.

போட்டவர் பாடகர் குழுவை நடத்தும் பொன்ராஜ் அண்ணன். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

"ஒவ்வொரு பக்கமா ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன் டீச்சர். எரநூத்திப் பன்னெண்டு பக்கம். பெருவிரலு வீங்கிப் போச்சு. ஒங்க பேரு நாலு பேருக்குத் தெரியணும்லா?"

"ஒவ்வொருத்தரும் வாங்கினாத்தான் எனக்கும் பதிப்பாளருக்கும் ஏதாவது கிடைக்கும் அண்ணே."

"அதுக்கென்ன? நாங்க படிச்சதுல ஒங்க புக்கு கொறஞ்சா போச்சு? அப்படியேதானே இருக்கு!"

இரண்டாயிரம் ரூபாய்ப் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறார்.

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். நாளை அவர் வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவும் செய்தேன். இப்போதுதான் பதிப்பாளர் அனுப்பிய கணக்கைத் திறந்தேன். நாவல் வெளியான நாளிலிருந்து விற்றது ஒன்று.

ஸ்கிரீன்ஷாட் எடுக்க அவர் ஒரு பிரதி வாங்கித்தானே இருக்க வேண்டும்.

காசு கொடுத்த ஒரே மனிதரிடம் போய் நான் என்னவென்று சண்டை போடுவேன்?