மஞ்சள் தடவிய மொட்டைக் கடுதாசி

ஆகஸ்டு 12, 1962

ஆடி ஞாயிறு. மூத்தாருக்குப் படையல் போட்டோம். இரண்டு வயதில் செத்துப்போன குழந்தை, புருஷனுக்கு அண்ணன் என்பதால் எனக்கு மூத்தார்! குருவிநத்தத்துக்கு வாழ வந்த இந்தப் பதினோரு வருஷமாக அந்தக் குழந்தைக்குப் பொரி உருண்டையும் அரைஞாண் கயிறும் வைத்துக் கும்பிடுகிறேன். பேர் நாகராஜன். வாயால் சொல்லிவிட்டால் அத்தை பவுனம்மாள் என் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். எழுதினால் யாருக்குக் கேட்கப் போகிறது?

அத்தை வழக்கம்போல அழுதார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல அந்த நேரம் பார்த்துக் கொல்லைக்குப் போய்விட்டார். கூடப்பிறந்தவனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்த உடம்பு வணங்காது.

ஆகஸ்டு 17

நேற்றிலிருந்து, பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் சீமை எழுத்துப்படி இந்தியாவாம். எட்டு வருஷமாக அப்படித்தானே இருந்தோம் என்றேன். "அது கைமாத்து தங்கச்சி, இப்பதான் பத்தரம்" என்றார் மரியதாஸ் அண்ணன். இவரோடு சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். வில்லியனூரிலிருந்து பெண்டாட்டி ரோசம்மாளையும் கூட்டி வந்திருந்தார். இவரை அவர் கூப்பிடுவது 'கமராது', பிரெஞ்சில் தோழன் என்று அர்த்தமாம்.

"ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தா பிரெஞ்சுக்காரனாவே இருக்கலாம் கமராது. நாங்க குடுக்கப் போறோம். நீ இன்னா சொல்ற?"

அவர் விதைநெல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அடுப்படியில் ரோசம்மாள் என் காதைக் கடித்தாள். "உங்க கலியாணத்த மேரி ஆபீசுல, பொறப்பு சாவு எழுதற எடத்துல, எழுதனீங்களாடி? எழுதலன்னா காயிதத்துல நீ பொண்டாட்டியே இல்ல. உட்டுட்டுப் போனாலும் கேக்க நாதியில்ல."

சாப்பாடு போடும்போது கேட்டேன். "இன்னாங்க, நம்ப கலியாணத்த மேரில எழுதியிருக்கா?" பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு பருக்கை வீணாக்காத மனிதர்.

ஆகஸ்டு 30

மறுபடி டவுனுக்குப் போனார். இந்த மாதத்தில் இது எத்தனையாவது தடவையோ. பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற நாளும் இல்லை. "ஒரு வேல" என்றார். என்ன வேலை? இரும்புப் பெட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு திரிகிறார்.

சைகோனில் ஒருத்தி இருக்கிறாள். அவள் பேர்தான் காகிதத்தில் இருக்கிறது. அவளுக்காகத்தான் பிரெஞ்சுக்காரனாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறப் போகிறார். இல்லாவிட்டால் ஏன் மறைக்க வேண்டும்? எனக்குப் பிள்ளையும் இல்லை. எதைக் காட்டி நிறுத்துவேன்?

செப்டம்பர் 4

செய்துவிட்டேன்.

இடது கையால் எழுதினேன். "உங்கள் ரகசியம் எனக்குத் தெரியும். உங்கள் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடவும். இல்லாவிட்டால் நான் சொல்வேன். — விஷயம் தெரிந்தவன்." விஷயம் தெரிந்தவளுக்கு ஒரு விஷயமும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. உறையில் அவர் பேரை எழுதும்போது கை கூசியது. பாகூர் சந்தைக்குப் போன சாக்கில் ஸ்டாம்பு ஒட்டாமல் பெட்டியில் போட்டேன். பேரிங் கடிதம் என்றால் தபால்காரர் காசு வாங்கிக்கொண்டு கையில்தான் கொடுப்பார், தவறிப்போகாது.

கன்னியாஸ்திரிகள் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இதற்காகவா?

செப்டம்பர் 7

வந்தது. தபால்காரர் அய்யனாரிடம் காசு கொடுத்து வாங்கி, வாசலிலேயே நின்று படித்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருங்க?"

"கடலூர் வெத மண்டி."

அப்படியானால் ரகசியம் ஒன்று இருக்கிறது. இல்லை என்று தெரிந்துகொள்ளத்தானே கடிதம் போட்டேன்! சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 8

சாப்பிடவில்லை. அவரும், நானும்.

செப்டம்பர் 16

பாவி நான். கடிதம் எழுதியது மரியதாஸ் அண்ணன் என்று நினைத்துவிட்டார். வந்த அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத" என்றார். அண்ணன் என்ன ஏது என்று புரியாமல், கொண்டுவந்த பலாப்பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். சைகோனில் காய்ச்சலில் கிடந்த இவரை மூன்று நாள் தோளில் சுமந்தவர் அவர். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 19

இன்னொன்று போட்டேன். "எழுதியது மரியதாஸ் அல்ல. அவர் நல்லவர். அவரைக் கோபிக்க வேண்டாம்." உலகத்தில் எவனாவது இப்படி ஒரு மொட்டைக் கடுதாசி எழுதியிருப்பானா?

செப்டம்பர் 22

வாங்கினார், படித்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழம்பு தாளிப்பதுபோல நின்றேன். சட்டியில் எண்ணெயே ஊற்றவில்லை.

அக்டோபர் 3

எனக்கு ஒரு கடிதம். எனக்கு! அதுவும் பேரிங்.

"இன்னாமா, உங்க வூட்டுக்கு மட்டும் எல்லாம் பேரிங்காவே வருது? ஸ்டாம்பு விக்கற பக்கமே போவாத சொந்தக்காரங்களா?" என்றார் அய்யனார். அஞ்சறைப் பெட்டியிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் கடுகெல்லாம் கொட்டியது.

கட்டை கட்டையான எழுத்து. பார்த்து எழுதி வைக்கிறேன்.

"உன் புருஷனுக்கு வேறு பெண் கிடையாது. அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாய் வீட்டில் பிறந்தவன். அது இங்கிலீஷ்காரன் சீமை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவனைச் சேர்க்கமாட்டார்கள். அவன் அண்ணன் இந்தப் பக்கம் பிறந்து மேரியில் பதிவானவன். செத்தது மட்டும் அந்தப் பக்கம். அதனால் இங்கே சாவு பதிவாகவில்லை. செத்த பிள்ளையின் பிறப்புக் காகிதத்தைக் கொடுத்துத்தான் உன் புருஷன் சொல்தா ஆனான். பென்ஷனும் அண்ணன் பேரில்தான். அந்தப் பேருக்குக் கலியாணம் ஆகவில்லை. அவன் செத்தால் உனக்கு ஒன்றும் வராது. வழி உண்டா என்று கேட்கத்தான் டவுனுக்கு அலைந்தான். ஒரே வழி, அந்தப் பேரில் உன்னை மேரியில் கட்டிக்கொள்வது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கப்பல் ஏற அவனுக்கு ஆசை இல்லை. — விஷயம் தெரிந்தவன்."

அக்டோபர் 4

பதினோரு வருசம். பதினோரு வருசம் ஒரு பொம்பளய வூட்ல வச்சிகினு... இன்னா மனுசன் இவரு! நான் படையல் போட்டுக் கும்புட்ட கொழந்த பேருல சம்பாரிச்சி, அந்தச் சோத்தயே எனக்குப் போட்டு... தெரிஞ்சா ஜெயில்ல போடுவாங்களே! போலீசு வந்தா இன்னா பண்ணுவேன்?

அக்டோபர் 5

அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. நேராகக் கேட்டேன். நெல் புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது.

"நான்தான்டி அந்தக் காயிதத்தக் குடுக்கச் சொன்னேன். அந்த வருசம் ஆத்துல வெள்ளம், வெளச்ச அத்தினியும் போச்சு. பெத்ததுக்குச் செத்தவனாவது சோறு போடட்டுமேன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபம் அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

அக்டோபர் 14

விஷயம் தெரிந்தவனும் தெரிந்தவளும் நேரில் பேசினோம்; எனக்கு எழுதியது இவர்தான். களத்தில் வைக்கோல் போர் மறைவில், களவாணிகள் மாதிரி.

"எப்பங்க கண்டுபுடிச்சீங்க?"

"ரெண்டாவதுலதான் உத்துப் பாத்தேன். மொதல் கடுதாசியையும் எடுத்து வச்சிப் பாத்தேன். ரெண்டுலயும் நாலு மூலையிலயும் மஞ்சள். மொட்டக் கடுதாசிக்கு எவனாவது மஞ்சள் தடவுவானா தனம்?"

தடவினேன்தான். மூலையில் மஞ்சள் இல்லாத காகிதம் சாவுக் காகிதம் மாதிரி. நம் வீட்டுக்குள் அப்படி ஒன்று வரலாமா என்று பயந்து தடவினேன். அது பற்றி இங்கே எழுதக்கூடத் தோன்றவில்லை. கைப்பழக்கம்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அழுதேன்.

அக்டோபர் 15

மரியதாஸ் அண்ணன் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறை. அண்ணனுக்கு இவர் இத்தனை நாளும் நாகராஜன்தானாம். 'கமராது' என்றே கூப்பிட்டதால் எனக்குத் தெரியாமல் போயிற்று. பட்டாளத்துப் பேர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால்தான் இவர் சந்தேகப்பட்டாராம். இப்போது எல்லாம் சொன்னோம். "நீ யாரா இருந்தா எனக்கு இன்னாபா" என்றார்.

நவம்பர் 2

"புடிக்கலன்னா மேரி கலியாணம் வேணாம் தனம். இப்பிடியே உட்டுடலாம்" என்கிறார்.

எப்படி விடுவது? மூத்தார் எதிரே உட்காரக்கூடாது, பேர் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், மூத்தாருக்கே பெண்டாட்டி என்று கையெழுத்துப் போடுவதா? போடாவிட்டால் நான் யார்? நாளைக்கு இவருக்கு ஒன்று ஆனால், பென்ஷன் ஆபீசில் போய் எந்த வாயால் என்ன சொல்வேன்? தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் அரைஞாண் கயிறோடு ஒரு குழந்தை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நவம்பர் 18

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேரில் வந்த சோற்றைப் பதினோரு வருஷமாகத் தின்கிறேன். சோறு உள்ளே போகலாம், பேர் மட்டும் வெளியே வரக்கூடாதா?

சொல்வது சுலபம். பயம் போகவில்லை.

டிசம்பர் 6

மேரியில் கூட்டம். மரியதாஸ் அண்ணனும் ரோசம்மாளும் சாட்சி. தெரிந்த முகம் யாராவது வந்து, "இன்னாபா, நீ எங்க இங்க?" என்று இவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால்? ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். "மாப்ள பேரு இன்னாம்மா?"

நான் ரோசம்மாளைப் பார்த்தேன். "எங்க பழக்கத்துல பேரு சொல்றதில்லங்க" என்றாள் ரோசம்மாள்.

"பழக்கத்த வெளிய வச்சிட்டு வாங்க. பொண்ணுதான் சொல்லணும்."

"நாகராஜன்" என்றேன். எனக்கே அது வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டது. மனதுக்குள் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பேனாவில் மை நிறைய, நல்லபடியாகக் கையெழுத்துப் போட்டேன். கூடவே இவரும் போட்டார், எழுத்துக் கூட்டிக் கூட்டி.

திரும்பும்போது ஆற்றங்கரை மேட்டில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னார். "உன் களுத்துல தாலி கட்டனது ஒண்ணுதான் தனம் நான் என் பேருல செஞ்சது. இன்னிக்கு அதையும் அவனுக்கு எழுதிட்டேன். இனிமே காயிதத்துல நான் எங்கயும் கெடையாது."

என் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே, இந்த மனிதருக்குப் போனது என்னவென்று ஒரு நாளாவது நினைத்தேனா?

சுற்றிலும் பார்த்தேன். தூரத்தில் யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். கேட்டால் கேட்கட்டும்.

"அரிகிருஷ்ணன்!" என்று கூப்பிட்டேன்.

அவர் சட்டென்று நின்றார். உடனே திரும்பவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன்.