காய்ச்சலே வராத பிள்ளைக்கு

என் ராசா சேகர்,

அம்மா எழுதறேன். அஞ்சாவதோட நின்ன படிப்பு, தப்பிருந்தா சிரிச்சுக்கோ. நீ கண்ணை மூடி எட்டு மாசம் ஆச்சு. உன் தங்கச்சி வசந்தா கீழ்பென்னாத்தூர்ல முழுகாம இருக்கா. இது ஏழாம் மாசம்.

உனக்குக் கண்ணு மஞ்சளானப்போ காமாலைன்னு கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடுத்தேன். "எம்மா, ஆட்டுக்குத் தழை போடற மாதிரி போடறியே, மேன்னு கத்தட்டா?"ன்னு கேட்ட. கண்ணு வெளுத்துச்சு. தலைக்கு ஊத்தி, கோழி அடிச்சுப் பத்தியத்தை முறிச்சேன். சரியாப் போச்சுன்னு நெனச்சேன். அடுத்த வருஷம் வயிறு வீங்கினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க டாக்டரம்மா என் ரத்தத்தையும் எடுத்துப் பாத்துட்டுச் சொன்னதை உன்கிட்ட நான் சொல்லவே இல்ல. "இது பொறக்கறப்பவே உங்ககிட்டேயிருந்து ஒட்டின காமாலைக் கிருமிம்மா. பச்சக் கொழந்தை உடம்புக்கு வேத்தாள் யாருன்னு தெரியாது. நம்மாளுன்னு விட்டுடுச்சு. வளந்தப்புறம்தான் முழிச்சுக்கிட்டுச் சண்டைக்குப் போச்சு. கிருமி ஈரலுக்குள்ள இருக்கு. அதை அடிக்கறேன்னு ஈரலையே அடிச்சு அடிச்சுத் தழும்பாக்கிடுச்சு."

"சண்டை போடற உடம்பு நல்ல உடம்புதானே டாக்டரம்மா?"

"ஜெயிக்கவும் இல்ல, நிறுத்தவும் இல்ல. அதாம்மா வினை."

என் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்ததில்லைன்னு தெருவெல்லாம் பெருமை பேசினேனே. உள்ள அது குடியிருந்தப்போ உன் உடம்பு ஒரு முனகல் முனகலையேடா.

வசந்தாவுக்கும் இருக்கலாமாம். இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன். "இப்போதைக்குப் பாத்துக்கிட்டே இருக்கணும்"னாங்க. எதைப் பாக்கறது? உன்னையும் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்?

கொழந்தைக்கு மட்டும் பொறந்த அன்னிக்கே ஊசி போட்டா தடுக்கலாமாம். தலைப்பிரசவத்துக்கு இங்க வருவா, சத்தமில்லாம ரத்தம் பாத்துடலாம்னு இருந்தேன். அவ மாமியார், "துக்க வீட்டுக்கு வயித்துப் புள்ளக்காரியை அனுப்பமாட்டோம் சம்பந்தி"னு சொல்லிட்டாங்க. இனிமே அந்த வீட்டுக் கூடத்துல நின்னுதான் சொல்லணும். நோய்க்காரியைத் தலையில கட்டிட்டாங்கன்னு பேசுவாங்க. அவளைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. வசந்தா என் மூஞ்சியில முழிப்பாளா? தெரியல. நல்லது நடக்கும்னு எனக்குத் தோணவே இல்லடா.

ஆனாலும் செவ்வாக்கிழமை முதல் பஸ்ல போறேன். உன்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருந்த மாதிரி அவகிட்ட இருக்கமாட்டேன். இது சத்தியம்.

உனக்கு உயிரோட அதையும் சேத்துக் குடுத்த
அம்மா