பாதியில் மாற்றிய சாய்வு

ஒக்டோபர் 14, செவ்வாய்

மில்லிக்கன் பகுதி முதியோர் கூட்டத்தில் இன்று எகிப்தின் ஆரம்பகாலப் பிரமிட்டுகளைப் பற்றிப் பேசினேன். சிவப்புப் பிரமிட்டுக்குப் பிறகே வளைந்த பிரமிட்டைக் கட்டினார்கள் என்று தவறுதலாகச் சொல்லிவிட்டேன்.

என்னைக் காரில் கூட்டிவந்த, முன்பு பஸ் சாரதியாக இருந்த நடராசா மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, வளைஞ்சதெல்லே முதல்? போன கிழமை நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"பஸ் ஓடின உமக்கு உது விளங்காது, இரும்" என்றேன். சொல்லும்போதே என் பிழை எனக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

திரும்பும்போது, "பெல்ற்றைப் போடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

வளைந்த பிரமிட்டில் வெடிப்புக் கண்டதும், அத்தனை பேர் பார்த்திருக்க, பாதி உயரத்தில் சாய்வைக் குறைத்தார்கள் அந்தக் கட்டடக்காரர்கள். அதைப் படம் வரைந்து விளக்கியவன் நான்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் அவர்தான் என்னைக் கூட்டிப்போக வருவார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னதை எல்லோர் முன்னிலையிலுமே திருத்த வேண்டும். காரில் வைத்துச் சொன்னால் போதாதா என்று இப்போதே யோசிக்கிறேன்.