பதினைந்துக்குப் பதினைந்து

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் உன் அத்தான் காதில் விழும், அதனால்தான் கடிதம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அத்தானோடு என்னால் முடியவில்லையடி. போன வாரம் குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர மறந்துவிட்டார். பிள்ளை ஆறு மணி வரை வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டால், "நீ சொல்லவே இல்லையே" என்று என்மேலேயே பழி. தினமும் செய்கிற வேலையை நான் என்னவென்று சொல்வது? முந்தாநாள் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர் கருவிப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறார். இருபது வருட மெக்கானிக்! வேண்டுமென்றே செய்கிறாரா, மனசு வேறெங்காவது போய்விட்டதா? மூளையை ஆராய்கிற இடத்தில்தானே வேலை பார்க்கிறாய், நீயே சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 11

என் அருமை அக்காவுக்கு,

மூளையை ஆராய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைக்காதே. காலையில் மாணவர்களின் தலையில் மூளை அலையைப் பதிவு செய்யும் ஒயர்த் தொப்பியை மாட்டி, ஓட்டை ஓட்டையாகப் பசை விட்டு, எல்லாம் முடிந்ததும் ஷாம்பூ போட்டு அலசி அனுப்புகிறேன். ஆராய்ச்சி உதவியாளர் என்பதெல்லாம் அடையாள அட்டையில்தான். மதியத்துக்கு மேல் வயதானவர்களுக்கு ஞாபகச் சோதனை. ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. பேராசிரியர் மனசு வைத்தால்தான் அடுத்த வருடம்.

அத்தானைத் திட்டாதே. ஞாபக மறதிக்கென்று இருக்கும் கிளினிக்கில் காட்டு. சில சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வேண்டுமென்றே செய்கிறாரா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். சோதனை பொய் சொல்லாது.

குட்டிக்கு என் முத்தங்கள்.

உன் வாலு

மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சொன்னபடியே கூட்டிப்போனேன். பதினைந்து சொற்களை வாசித்தார்கள். முதல் தடவையிலேயே பதினைந்தையும் ஒப்பித்துவிட்டார். அரை மணி கழித்துக் கேட்டபோதும் பதினைந்து. "இப்படி யாரும் சொல்லி நான் பாத்ததில்லம்மா. உங்க வீட்டுக்காரர் ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர். ஸ்கேன்கூட வேண்டாமாம்.

பஸ்ஸில் வரும்போதும், "எலுமிச்சை, ஆணி, குதிரை, கம்பளி" என்று சொல்லிக்கொண்டே வந்தார், பெரிய சாதனை செய்த மாதிரி சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆணியும் குதிரையும் நினைவிருக்கிற மனுஷனுக்குப் பெற்ற பிள்ளை மறக்குமா? இத்தனை நாளும் நடிப்பு. இனி நானும் சும்மா இருக்கப் போவதில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 8

அக்கா,

முதலில் அத்தானை வேறு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. தலையை ஸ்கேன் செய்யச் சொல். மிச்சத்தை அப்புறம் படி.

அந்தப் பதினைந்து சொற்களையும் அத்தானுக்கு மனப்பாடமாக்கியவள் நான். நீங்கள் ஊர் மாறுவதற்கு முன்னால் ஏழு மாதம் உங்கள் வீட்டில்தானே தங்கியிருந்தேன்? வேலைக்குப் புதிது. ஒரே வேகத்தில், ஒரே குரலில் வாசிக்கப் பழக வேண்டும் என்று, நீ குட்டியைத் தூங்கவைக்கும் நேரத்தில் தினமும் மொட்டை மாடியில் அவரை எதிரே உட்காரவைத்து அதையே வாசித்தேன். "இன்னிக்கு எனக்கு எத்தனை மார்க்கு வாலு?" என்று கேட்பார். பட்டியலை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நம் மொழியில் இருப்பதே அந்த ஒரு பட்டியல்தான். கிளினிக்குகளும் எங்களிடமிருந்துதான் வாங்குகின்றன. உன்னைக் கிளினிக்குக்குப் போகச் சொன்னபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த மாதிரி மறதியில் முன்பே நன்றாகப் பதிந்தது நிற்கும், புதிதாகக் கேட்பதுதான் ஒட்டாது. டாக்டரிடம் அவர் சொன்னது அன்று கேட்ட சொற்களை இல்லை, நான் போன வருடம் சொல்லிக் கொடுத்ததை.

உன் கடிதத்தில் எலுமிச்சை, ஆணி என்று படித்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பேராசிரியர் வரை போகும், ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தேன். நான்கு தடவை போன் செய்தேன். நீ "சாப்பிட்டியாடி?" என்று கேட்டதும் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நேற்று இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி இருக்க முடியாது.

அத்தான் நடிக்கவில்லை, அக்கா. தயவுசெய்து அவரைத் திட்டாதே.

உன் தங்கை

ஜூலை 19

தங்கைக்கு,

கடிதம் வந்த அன்றே ஸ்கேன் எடுத்தோம். மூளையில் கட்டி. "போன தடவையே பாத்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம்" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். பாதியைத்தான் எடுக்க முடிந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறாள்.

உன் நான்கு கடிதங்களும் வந்தன. வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். விட்டு என்ன ஆகப் போகிறது?

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த மார்ச் மாதம் முழுக்க அவரை நான் அடித்தேன். முதலில் கையால், பிறகு கையில் கிடைத்ததால். நடிக்கிறவரை அடித்தால் நடிப்பை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். டாக்டரே சொல்லிவிட்டாரே, ஞாபகத்தில் குறையில்லை என்று. ஒரு நாள் குட்டி குறுக்கே வந்து, "அப்பாவ விடும்மா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் தள்ளிவிட்டேன்.

இப்போது அவருக்குக் குட்டியைத் தெரியவில்லை. என் பெயர் தெரியவில்லை. நான் யார் என்று நர்ஸிடம் கேட்கிறார். ஆனால் நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். நர்ஸ் போனால் மறைப்பதில்லை. சோறு அவள்தான் ஊட்டுகிறாள், நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

யாரென்றே தெரியாத ஒருத்தியைக் கண்டு ஒரு மனுஷன் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்பதற்கு உங்கள் ஆய்வகத்தில் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். அதை எனக்கு எழுதாதே. எதையும் எழுதாதே.

குட்டியின் அம்மா