பாழ் மண்டபத்து வௌவால்களும் பரமசிவம் சாரும்

ஆகஸ்ட் 6, 2024

ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. நெறியாளர் பரமசிவம் சார் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். தாய் வௌவால் ‘கவலையோடு’ குட்டியிடம் திரும்புகிறது என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

“கவலையா இருக்குதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லிச்சாம்மா?” என்றார்.

விலங்கியல் துறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கணவர் கமலிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் காபி வேணுமா என்றுதான் கேட்டார்.

ஆகஸ்ட் 9

சிறுவர் வார இதழுக்கு அனுப்பிய கதையும் திரும்பியது. ‘உங்கள் வௌவால்கள் பேசுவதே இல்லை, ஒன்றையொன்று உற்றுநோக்குகின்றன. கடைசியில் முடிவுரை வேறு இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆய்வேட்டில் கதை எழுதுகிறேன், கதையில் ஆய்வேடு எழுதுகிறேன். உருப்பட்ட மாதிரிதான்!

ஆகஸ்ட் 22

பரமசிவம் சார் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “ஆராய்ச்சி முடியற வரைக்கும் கதைய மூட்ட கட்டி வைங்கம்மா. இல்லாட்டி வேற நெறியாளர பாத்துக்கோங்க.”

முனைவர் பட்டம் இல்லையென்றால் இந்தக் கௌரவ விரிவுரையாளர் வேலை அடுத்த ஆண்டு கிடையாது. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள், பிறகு டியூஷன் எடுத்து, தட்டுத்தடுமாறி இங்கே வந்து சேர்ந்தேன். திரும்பவும் ஊசி பிடிக்க என்னால் முடியாது.

ஆனால் கதை இல்லாமல் எனக்கு ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? மாகறல் போகும் வழியில் உள்ள அந்தப் பாழ் மண்டபத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எதற்காக உட்கார்ந்திருக்கிறேன்? அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கத்தானே?

ஆகஸ்ட் 23

சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 17

ஓய்வறையில் வயிற்றெரிச்சல். கணிதத்துறை சத்யப்ரியா கைபேசியில் காதல் தொடர் எழுதுகிறாள். இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டு வந்து டீ குடித்தாள். பொருளியல் அப்துல் சத்தார் சார் தறிக்கூலி பற்றி ஆய்வு செய்தவர், இப்போது ஆற்காட்டுச் சமையலைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு —

பிப்ரவரி 11, 2025

நாளை மறுநாள் வாய்மொழித் தேர்வு. பொதுவில் நடப்பதால் பார்க்க வந்தவர்களும் கேள்வி கேட்கலாம். எல்லோரும் செய்வதுபோல நானும் தெரிந்த நாலு பேரிடம் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவைத்திருக்கிறேன். சத்தார் சாருக்கு ஆங்கிலத்தில் ஒரு சுலபமான கேள்வி. பாதுஷாவுக்கும் காராபூந்திக்கும் கமல் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 13

வாய்மொழித் தேர்வு முடிந்தது.

நான் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். வெளித்தேர்வாளர் அம்மா கொட்டாவியை அடக்கினார். பிறகு சத்தார் சார் எழுந்து, நான் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நெஜமாவே ஒரு சந்தேகம்மா. அம்மா வௌவால் எர தேடிட்டு வருது. உள்ள அத்தன குட்டிங்க தொங்கிக்கினு இருக்குது. தன் குட்டிய எப்படிமா கண்டுபுடிக்கும்?”

அடப்பாவி மனுஷா! ஒப்பித்த ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. தமிழில் ஆரம்பித்தேன். இருட்டில் அம்மா கூரையைச் சுற்றி வருவதை, ஒவ்வொரு குட்டியும் தனிக் குரலில் கூப்பிடுவதை, வேறொரு குட்டி தொற்றிக்கொள்ளப் பார்த்தால் அம்மா தள்ளிவிடுவதை, கடைசியில் முகர்ந்து பார்த்து அணைத்துக்கொள்வதை. பதிவு செய்த குரல்களையும் போட்டுக் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது.

“அப்புறம்?” என்றார் வெளித்தேர்வாளர்.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்துவிட்டார்கள். பரமசிவம் சார் பாதுஷாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

மார்ச் 2

அன்று சொன்னதையே எழுதி அந்தச் சிறுவர் இதழுக்கு அனுப்பினேன். தொடராகப் போடுகிறார்களாம்! வாரா வாரம் எழுத வேண்டுமாம். மண்டபத்துக்கு ஓடிப்போய் வௌவால்களிடம் சொல்லலாம் போலிருந்தது.

மார்ச் 30

காலையில் பரமசிவம் சார் போன் செய்தார். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் ஏதோ தப்பு என்று பேனாவோடு உட்கார்ந்தேன்.

“இந்த வாரம் அந்தக் குட்டி கீழ விழுந்துடுச்சே. அம்மா வந்து தூக்கினு போவுதா, இல்லியா?”

பேனாவைக் கீழே வைத்தேன்.

“எனக்கு இல்லம்மா. பேத்தி கேக்குறா.”

பேத்தி பெங்களூரில் தமிழே படிக்கத் தெரியாமல் வளர்கிறாள் என்று போன வாரம்தான் வருத்தப்பட்டார்.

“இன்னும் எழுதல சார்,” என்றேன்.

“அப்ப என்னாத்துக்குமா என்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க? போன வைங்க. போய் எழுதுங்க.”