பில் இல்லாத நைட்டி

அக்டோபர் 7, செவ்வாய்

மாலையில் தூறல். பௌர்ணமி. மதியத்திலிருந்தே செங்கம் ரோடு முழுக்க கிரிவல ஜனம். பள்ளியிலிருந்து வீடு வர முக்கால் மணி நேரம்.

வாங்க வேண்டியது:
— விஜயாவுக்கு நைட்டி. முன்பக்கம் திறப்பது. லூசாக.
— பஞ்சு, காஸ், பிளாஸ்டர்.
— ஹெச்.எம்.மிடம் திங்கள் லீவு. (பாண்டிச்சேரி. கட்டுப் பிரிக்கும் நாள்.)

ஆபரேஷன் முடிந்து எட்டு நாள். வலது மார்பை முழுவதும் எடுத்துவிட்டார்கள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தலைவழியாக எதையும் மாட்டக் கூடாது என்று டாக்டர். வீட்டில் என் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாடி வீட்டு அம்மாள் நேற்று எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, அண்ணன் சட்டையா?" என்று சிரித்தாளாம். அவர்களுக்கெல்லாம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருக்கிறோம். அதிலிருந்து வாசல் கதவு சாத்தியே கிடக்கிறது.

பெரிய கடைக்குப் போனேன். இரண்டாவது மாடி, லேடீஸ் செக்‌ஷன். அங்கே ஆம்பிளை நான் ஒருவன்தான். கழுத்திலிருந்து வயிறு வரை பட்டன் வைத்த ஒன்றைக் காட்டி, "அது" என்றேன். ஆஃபர் விலை. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள். தரவில்லை, தினமும் மெசேஜ் அனுப்புவார்கள். ஸ்கேன் வேலை செய்யவில்லை, ரொக்கம்.

வெளியே ஓர் ஆந்திரா அம்மாள், கூட வந்தவர்களைத் தவறவிட்டு அழுதுகொண்டு. தங்கியிருக்கும் லாட்ஜின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. பில்லின் பின்பக்கத்தில் அதை எழுதி ஆட்டோக்காரரிடம் கொடுத்து ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. அந்தப் பட்டன்கள் திறக்காது. சும்மா அழகுக்குத் தைத்தவை. ஆசையாகப் பிரித்தவள் ஒவ்வொரு பட்டனாக இழுத்துப் பார்த்தாள். பிறகு, "மெதுவா மாட்டிப் பாக்கலாம்" என்றாள். இடது கை நுழைந்தது. தலை நுழைந்தது. வலது கையில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன். கத்திவிட்டாள். கழற்றுவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது.

"நாளைக்கு மாத்தினு வந்துடுங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அக்டோபர் 8, புதன்

ஐந்தே காலுக்குக் கடை. தீபாவளிக் கூட்டம். பில் கவுன்ட்டர் மேலே போர்டு. நேற்று கண்ணில் படவே இல்லை:

பில் இல்லாமல் மாற்றித் தரப்பட மாட்டாது.
நைட்டி, உள்ளாடை மாற்றித் தரப்பட மாட்டாது.
ஆஃபர் துணிகள் மாற்றித் தரப்பட மாட்டாது.

மூன்றிலும் நான் மாட்டுகிறேன்.

சூப்பர்வைசர் ஐம்பது வயது அம்மாள், கண்ணாடியைச் செயினில் தொங்கவிட்டிருக்கிறார். "பில்லு சார்?"

"தொலைஞ்சிடுச்சும்மா. நேத்துதான் வாங்கினேன். உங்க கடை ஸ்டிக்கர் இருக்குது பாருங்க."

"ஸ்டிக்கர் எல்லா பிராஞ்சுலயும் ஒண்ணுதான் சார். போன் நம்பர் சொல்லுங்க, டூப்ளிகேட் பில்லு எடுக்க முடியுமான்னு பாக்கறேன்."

"நம்பர் தரல."

பேசிக்கொண்டே நைட்டியைப் பிரித்து, ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கக்கத்துக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மஞ்சள் கறை. காயக் கட்டுக்குப் போடும் மருந்து. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சார், இது யூஸ் பண்ண துணி."

"யூஸ் பண்ணல. போட்டுப் பாத்தாங்க."

"கறை இருக்குது சார். இன்னா கறை இது?"

பின்னால் வரிசையில் நாலு பேர். அந்தத் துணி இன்னும் லைட்டுக்கு நேராகவே இருந்தது. பதில் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. பிடுங்கி மடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

வி.யிடம், "கடை லீவு" என்று சொன்னேன். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எந்தக் கடை லீவு? அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை இல்லை. மலை உச்சியில் மட்டும் மேகம்.

சண்டை எதற்கு, வேறு கடையில் வேறு வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். மூன்று கடை. எல்லாவற்றிலும் அதே பொய்ப் பட்டன். மூன்றாவது கடையில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், "முன்னாடி தொறக்கணும்னா ஃபீடிங் நைட்டிதாண்ணா" என்று இரண்டு பக்கமும் ஜிப் வைத்த ஒன்றை எடுத்துப் போட்டாள். "கொழந்தைக்கு எத்தினி மாசம்ணா?"

"மூணு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக் காட்டினாள். "பால் குடுக்க வசதியா இருக்கும்ணா, அண்ணிக்கு."

பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். ஸ்கூட்டரை எடுக்கவில்லை. எதிர்க்கடையில் நின்று ஒரு டீ. சர்க்கரை ஜாஸ்தி.

எங்கள் மகளுக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் ஹாஸ்டல்.

அக்டோபர் 10, வெள்ளி

பள்ளி. பிளஸ் டூ பிராக்டிகலுக்கு உப்புகளைப் பாட்டிலில் நிரப்பினேன். இரண்டு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். இருபது வருட லேப் அசிஸ்டென்ட் வேலையில் இப்படி நடந்ததில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் பார்த்துச் சொன்னார். நல்லவேளை.

ஸ்டாஃப் ரூமில் பேச்சு: "நாங்க போற கடையில பில்லே கேக்க மாட்டாங்க டீச்சர், மூஞ்சப் பாத்தே மாத்திக் குடுத்துடுவாங்க." என் மூஞ்சி அப்படிப்பட்டது இல்லைபோல.

மதியம் கடைக்குப் போன் போட்டேன். ஹோல்டில் பாட்டு. பிறகு, "கஸ்டமர் பில்லோட நேர்ல வரணும் சார்." பில் இல்லை என்பதற்காகத்தான் போன் பண்ணுகிறேன் என்றேன். "பில்லோட வாங்க சார்." வைத்துவிட்டார்கள்.

வி. மாலை முழுக்க உள்ளறையிலேயே. மகள் வீடியோவில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. "சட்டையோட எப்படிங்க பேசறது? கேப்பா." மகளுக்கும் நாங்கள் எல்லாவற்றையும் சொல்லவில்லை.

திங்கள் கார் பேசியாயிற்று. எதைப் போட்டுக்கொண்டு வருவாள்?

அக்டோபர் 11, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மறுபடியும் போனேன். அதே அம்மாள். அதே கேள்வி. கறையைச் சோப்புப் போட்டுக் கசக்கியிருந்தேன், அது பரவி வெளிறி இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"துவைச்சும் எடுத்தாந்திருக்கீங்களே சார்" என்றார். கிண்டல் இல்லை. களைப்பு. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

கத்தினேன். ஏமாத்துக் கடை என்றேன். திறக்காத பட்டனுக்கு எதற்குக் காசு என்றேன். கன்ஸ்யூமர் கோர்ட் என்றேன். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "மரியாதையாப் பேசுங்க சார்."

செக்யூரிட்டி வந்து என் தோளில் கை வைத்தார். நைட்டியைக் கவுன்ட்டரில் விட்டெறிந்துவிட்டுப் படியிறங்கினேன். கீழே பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, "சார், நல்லாருக்கீங்களா?" என்றார். தலையாட்டினேன்.

வீட்டில் வி.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லீவு என்றது பொய், கறை, ஃபீடிங் நைட்டி, மூன்று மாதக் குழந்தை, கடைசியில் கத்தியது. குழந்தை என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கறை இன்னான்னு கேட்டாங்கல்ல. ஏன் சொல்லல?"

"சொல்ல வரல, விஜயா."

"உங்களுக்கு அசிங்கமா இருக்குதா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அதை அவள் கவனித்தாள்.

சாப்பிடவில்லை. இருவரும்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்கு என் நீலச் சட்டை, பாவாடை, மேலே சால்வையுடன் வாசலில் நின்றாள். "ஆட்டோ கூப்புடுங்க."

"எதுக்கு?"

"கடைக்கு."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கியபோது மாடி வீட்டு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வி. அண்ணாந்து பார்த்துவிட்டு நேராக நடந்தாள். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். "மெதுவாப் போப்பா" என்று நான் சொல்ல, "போவட்டும்" என்றாள்.

லிஃப்ட்டில் இரண்டாவது மாடி. என்னைப் பார்த்ததும் செக்யூரிட்டி நெருங்கி வந்தார். சூப்பர்வைசர் அம்மாளும் நிமிர்ந்தார். நான் பின்னால் நின்றுகொண்டேன்.

"அந்த நைட்டி எனக்கு வாங்கினதும்மா" என்றாள் வி. மெதுவாகப் பேசவில்லை. "எனக்கு மார்ல ஆபரேஷன். ஒரு பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. கை தூக்க முடியாது. தொறக்கும்னு நெனச்சு வாங்கினு வந்தாரு. அந்தக் கறை மருந்து. அவ்ளோதான்."

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

சூப்பர்வைசர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா." கவுன்ட்டருக்கு அடியிலிருந்து நைட்டியை எடுத்தார். மடித்து, கவரில் போட்டு வைத்திருந்தார்.

"மாத்தித் தர முடியாதும்மா. பில் நம்பர் அடிக்காம சிஸ்டம் எடுக்காது. கறை வேற. நெஜமாத்தான் சொல்றேன், என் கையில இல்ல."

சரி, போகலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "ஆனா ஆல்ட்ரேஷன் என் கையில இருக்குது" என்றார்.

கடை டெய்லர் மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கிறார். நாற்பது வயது, காதில் பென்சில். நைட்டியைத் திருப்பிப் பார்த்து, "சொம்மா ரெண்டு தையல் போட்டு மூடி வச்சிக்கிறான் சார். பிரிச்சி உள்ள பட்டி குடுத்தா தொறந்துக்கும்" என்றார். "இத்தையா நாலஞ்சு நாளா மாத்தச் சொல்லி அலையறீங்க?" பொய்ப் பட்டன்களை அறுத்துப் போட்டுவிட்டு அழுத்தினால் மூடும் பட்டன்கள் வைத்தார். கக்கத்தையும் வெட்டி அகலமாக்கினார். கறை இருந்த துண்டு அதோடு போயிற்று. அரை மணி நேரம்.

அதற்குள் வி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிர் ரேக்கிலிருந்த சுடிதார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பச்சை நம்ம பாப்பாவுக்கு நல்லாருக்கும்ல?"

கிளம்பும்போது அந்த அம்மாளிடம் போனேன். "நேத்து பேசினது தப்பும்மா."

"தப்புதான் சார்" என்றார். மழுப்பவில்லை. பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாளே டெய்லர்கிட்ட குடுத்திருப்பேன்."

மாலை வி. மகளுக்கு அவளே போன் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அழுகை கேட்டது. பிறகு மகளைத் திட்டும் குரல், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று.

அக்டோபர் 13, திங்கள்

ஆறு மணிக்குக் கார். செஞ்சி தாண்டும்வரை தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் 31. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, வியாழன் கேட்கச் சொன்னார்கள். அதுவரை ஒன்றும் சொல்ல முடியாதாம்.

கட்டுப் பிரிக்கும் அறை. நர்ஸ், "சார் வெளியே இருங்க" என்றார்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் வி.

இடது கையால் பட்டன்களை ஒவ்வொன்றாக அவளே திறந்தாள். டக், டக் என்று சத்தம். நர்ஸ் பஞ்சை நனைத்து நனைத்துக் கட்டை எடுத்தார். கக்கத்திலிருந்து நடு நெஞ்சு வரை ஒரு கோடு. தையல் வரிசை. சுற்றிலும் தோல் மஞ்சளாகவும் ஊதாவாகவும். மற்றபடி தட்டையாக இருந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன், விஜயா."

"சரி. பட்டனைப் போட்டு விடுங்க. ஃபேன் காத்து குளிருது."